மூன்று வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய கடைசிப் பொருள் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். ஈப்போவில் ஒருவர் அதை வீட்டிலேயே கையால் செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு, சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்தார். அது வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பசியாறக்கூட இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து, தாளில் சுற்றியிருந்த கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதனதன் இடத்தில் செருகினார். பழைய ரேடியோக்களுக்குள் இருக்குமே, அதே மாதிரி வால்வுகள். இதில் அவை பெட்டிக்கு மேலேயே வெளியில் தெரியும்படி நின்றன.

"தொட்டுறாத, சுட்டுரும்," என்றார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அதிகம் பேசமாட்டார். மற்ற ஆண்கள் காற்பந்து பார்க்கும் நேரத்தில் இவர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பார். எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. நான் தாடிகா ஆசிரியை. பாலர் பள்ளியில் பொழுதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு வீடு அமைதியாக இருந்தால் போதும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் அவருடைய பாட்டுச் சத்தம்தான்.

அன்று வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடாகட்டும் என்று காத்திருந்துவிட்டு ஒரு பாட்டை வைத்தார். குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி இருக்குங்க," என்றேன்.

ஒலியைக் கூட்டினார். மிருதங்கம் துணிமூட்டையை அடிப்பது போல மொத்தென்று விழுந்தது. குரல் பிசிறியது. இவ்வளவு நாள் காத்திருந்து வாங்கியது இப்படியா என்று அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார்.

"ஆம்ப் மேல தப்பு இல்ல. இது மூணே வாட். பழசு நூறு வாட், அதனால ஒன்னும் தெரியல. நம்ம ஸ்பீக்கருக்கு நெறைய தீனி போட்டாத்தான் அது வாயத் திறக்கும்."

"மூணு வாட்ட வச்சி என்னா பண்றது? பாத்ரூம் பல்பே அதுக்கு மேல லா."

"தோதான ஸ்பீக்கர் கெடச்சா மூணு வாட்டு இந்த ஹாலுக்கு மிச்சம். ஒரு வாட் குடுத்தா எவ்ளோ சத்தம் வருதுன்னு ஒரு கணக்கு இருக்கு. நம்மளுது எம்பத்தி நாலு டெசிபல். தொண்ணூத்தஞ்சுக்கு மேல போறத தேடணும். அந்தக் காலத்து ஸ்பீக்கர், பெரிய பெட்டி."

"பெரிய பெட்டிய எங்க வைக்கிறதாம்?"

"ஒன் சோபாவ தூக்கிட்டா எடம் தானா வருது."

இருவரும் சிரித்தோம். பழைய ஆம்ப்பை அவர் ஏற்கெனவே விற்றிருந்தார். அதனால் நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும்வரை வீட்டில் பாட்டு இல்லை என்று ஆகிவிட்டது. மாலை நேரங்களில் கைப்பேசியில் விளம்பரங்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதுப் பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளைபோல இருந்தார்.

அடுத்த மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தார். குவளை விழும் சத்தம் கேட்டுப் போனேன். குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார். வார்த்தை வரவில்லை.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் பிறகு கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "அதான்." தண்ணீர் வேண்டுமா என்றால் "அதான்". வேண்டாமா என்றாலும் "அதான்". வலிக்குதா, தூங்குறீங்களா, நான் யாரு தெரியுதா, எல்லாவற்றுக்கும் அதுவே. நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது, பதில் மட்டும் வெளியே வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் தாடிகா வேலையை விட்டேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தந்த பெண் இளவயது. பொறுமைசாலி. படங்களைக் காட்டி, வாயைக் குவித்துக் காட்டி, எவ்வளவோ முயன்றாள். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தாள்.

"ஆன்டி, அங்கிளுக்குப் பாட்டு புடிக்குமா?"

"அவருக்கு அது மட்டும்தான்மா புடிக்கும்."

அவள் கண் மலர்ந்தது. "அப்படின்னா வீட்டுல புடிச்ச பாட்டா போட்டு விடுங்க. பேச முடியாத சில பேருக்கு, பாடுறப்ப வார்த்த தானா வந்துரும். ப்ராமிஸ் பண்ண மாட்டேன். ஆனா ட்ரை பண்ணிப் பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்து அவர் காதருகே நீட்டினேன். முகத்தைச் சுளித்துக் கைப்பேசியைத் தள்ளிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டப்பாவுக்குள் எறும்பு கத்துகிறது என்பார். உடம்பு விழுந்தும் அந்தப் பிடிவாதம் விழவில்லை என்று எண்ணினேன். அன்று எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் பட்டது. அந்த ஆம்ப்பை அவருக்காக ஒழுங்காகப் பாடவைத்துவிட வேண்டும், அதுதான் வழி என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் அவருடைய பாட்டுச் சிநேகிதர். மாதத்துக்கு ஒரு தடவையாவது இருவரும் எங்கள் கூடத்தில் பேசாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். பாட்டு முடிந்தபின் பேசுவார்கள். நான் அழைத்ததும் தன் வீட்டு ஸ்பீக்கர்களை வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வால்வு ஆம்ப்பில் மாட்டிப் பார்த்தோம். அதே கதைதான். சின்னப் பெட்டிகள், அழகான பெட்டிகள், ஆனால் மூன்று வாட்டுக்கு அவை அசைந்துகொடுக்கவில்லை.

"இதுவும் பசிக்காரன்தான் கா," என்றார் பாய். "ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சிக்கிங்க. ஸ்பீக்கர் மாட்டாம இந்த ஆம்ப்ப ஆன் பண்ணிறாதீங்க. உள்ள உள்ள டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்."

பாய் என்னைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹைஃபை கடைக்கு அழைத்துப் போனார். என் கணவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் போனேன். கடையில் குளிரூட்டிய அறையில் பளபளப்பான கம்பங்கள்போல ஸ்பீக்கர்கள் வரிசையாக நின்றன. விற்பனையாளர் எங்கள் ஆம்ப்பின் படத்தைப் பார்த்தார்.

"ஆன்டி, மூணு வாட்டுக்கு ஸ்பீக்கர் தேடி அலையிறத விட, இத வித்துட்டு சாதாரண ஆம்ப் வாங்கிருங்க. எந்த ஸ்பீக்கரும் பாடும். ஈஸி லா."

அவர் சொன்னது நியாயம்தான். பாயும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. என் கணவர் வாயால் கடைசியாகக் கேட்டது இந்த ஆம்ப்புக்கு ஏற்ற ஸ்பீக்கரைத்தான். அவர் பேசமுடியாத நேரம் பார்த்து ஆம்ப்பையே மாற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் விளம்பரங்களைத் தேடும் வேலை எனக்கு வந்தது. அவரைத் தூங்க வைத்துவிட்டு மத்தியானங்களில் கைப்பேசியைப் பார்ப்பேன். ஓம் என்றால் என்ன, டெசிபல் என்றால் என்ன என்று பாயிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டெசிபலில் மூன்று கூடினால் பாதி வாட் போதும் என்று அவர் சொன்னபோது, என் கணவர் சோபாவைத் தூக்கச் சொன்னதன் கணக்கு எனக்கு விளங்கியது. மாதக்கணக்கில் தேடினேன். பார்த்ததில் ஒன்று துருப்பிடித்திருந்தது. ஒன்றை நாங்கள் போவதற்குள் யாரோ வாங்கிவிட்டார்கள். கடைசியில் காப்பாரிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. பெரிய மரப்பெட்டிகள், பின்பக்கம் ஒட்டிய பழைய தாளில் தொண்ணூற்றேழு என்று இருந்தது. பாய் படத்தைப் பார்த்ததும், "கெளம்புங்க கா," என்றார்.

ஆம்ப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகிற ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. கதவைத் திறந்தவர் என் வயதுப் பெண். ஸ்பீக்கர்கள் இரண்டும் கூடத்தில் அலமாரி மாதிரி நின்றன. ஒன்றின் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. சுவரில் மாலை போட்ட படம். கணவர் லோரி ஓட்டியவர், போன வருடம் தவறிவிட்டார் என்று சொன்னார்.

"யாருக்கு வாங்குறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு."

"அவரு வரலியா?"

"அவருக்கு முடியலக்கா. பேச்சு போயிருச்சி. பாட்டு கேட்டா வரும்னு சொன்னாங்க."

அந்தப் பெண் துணிகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இந்தச் சத்தத்துக்கு நான் எவ்ளோ சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? அமத்துய்யா, அமத்துய்யான்னு கத்துவேன். இப்ப இதப் பாத்தாலே கஷ்டமா இருக்கு. தூக்கிட்டுப் போங்க."

பாய் ஆம்ப்பை வைத்துக் கம்பிகளை மாட்டினார். சூடானதும் ஒரு பெண்குரலை ஓடவிட்டார். நான் இன்றுவரை அதை மறக்கவில்லை. அந்தக் குரல் பெட்டியிலிருந்து வரவில்லை, அந்தக் கூடத்தில் எங்கள் எதிரே நின்று பாடியது. அவள் மூச்சை இழுப்பது கேட்டது. ஒரு வரி முடிந்து உதடுகள் ஒட்டுவதுகூடக் கேட்டது. ஒலிக்குமிழைப் பாய் பாதிகூடத் திருப்பியிருக்கவில்லை. இத்தனை வருடம் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு எதைத் தேடினார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகைதான்.

வீட்டுக்காரப் பெண் சமையலறைக்குள் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. சற்றுப் பொறுத்து உள்ளிருந்தே கேட்டார், "நல்லா கேக்குதா?"

"ரொம்ப நல்லா கேக்குதுக்கா."

"அப்ப சரி. அமத்திருங்க."

வேனில் ஏற்றுமுன் ஈரத்துணி கொண்டுவந்து பெட்டிகளை நான்கு பக்கமும் துடைத்துக் கொடுத்தார். "ஒங்க வீட்டுக்காரரு பேசிருவாரு, பாருங்க," என்றார்.

எங்கள் ஃபிளாட்டில் அன்று லிஃப்ட் ரோசாக், வேலை செய்யவில்லை. பாயும் அவர் கடையில் வேலை செய்கிறவர்களும் பெட்டிகளைப் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, வீட்டுல கல்யாணமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சோபாவை அறைக்குள் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பெட்டிகளை நிறுத்தினோம். என் கணவர் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை அவர் அடையாளம் கண்டுகொண்டார். எதற்காக என்று அவருக்குத் தெரிந்தது. இடது கையைத் தூக்கிப் பெட்டியைக் காட்டி, என்னைக் காட்டி, "அதான்... அதான்..." என்றார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எல்லாரும் போய்விட்டார்கள். பாய் மட்டும் இருந்தார். வால்வுகள் சிவக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். காப்பாரில் கேட்ட அதே குரலைப் பாய் வைத்தார்.

என் கணவரின் விரல்கள் நாற்காலிக் கையில் அசைந்தன. பாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த வரியில் அந்த விரல்கள் மடங்கின. நாற்காலியை அடித்தார். "அதான்! அதான்! அதான்!"

"ரசிக்கிறாரு கா, பாருங்க!" என்றார் பாய்.

நான் அவர் கண்களைப் பார்த்தேன். இடி இடிக்கும்போது தாடிகாவில் பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்களே, அந்தப் பார்வை. ஒரு காதைக் கையால் பொத்தினார். இன்னொரு காதைப் பொத்த அவருக்குக் கை இல்லை. தலையைத் தோளில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"நிப்பாட்டுங்க பாய்!"

சத்தம் அதிகமோ என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் விட்டு, அவருக்கு மிகவும் பிடித்த புல்லாங்குழலை மெதுவாக வைத்தோம். எழுந்திருக்கப் பார்த்தார். பாய் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். பாயின் தோளில் முகத்தை வைத்து அழுதார். பாட்டு நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கைப்பேசியில் பியானோ ஓசைகளை வைத்துச் சோதித்துவிட்டு, டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். டாக்டர் மூளையின் படத்தை மாட்டி விளக்கினார். இடது பக்கத்தில் பெரிய பாதிப்பு. அது எனக்குத் தெரியும். வலது பக்கத்திலும் சின்னதாக ஒன்று இருந்தது.

"காது நல்லாத்தான் கேக்குதும்மா. ஆனா பாட்ட பாட்டா மூளை எடுத்துக்க மாட்டேங்குது. பாத்திரமெல்லாம் உருள்ற மாதிரி, இரும்ப அறுக்குற மாதிரி அவருக்குக் கேக்கலாம்."

"திரும்பி வருமா டாக்டர்?"

"மொதல் கொஞ்ச மாசத்துல வந்தா வரும். அதுக்கப்பறம் கஷ்டம்."

அந்தக் கொஞ்ச மாதம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று கைப்பேசியைத் தள்ளிவிட்டாரே, அது பிடிவாதம் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது.

பாட்டுப் போய்விட்டது அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மத்தியானம் நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது அவர் நாற்காலியை ஆம்ப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அணைந்து கிடந்த வால்வுகளின் மேல் இடது விரலால் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"போடவாங்க?"

"அதான்."

சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. மெல்ல சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தார். விடவே இல்லை.

அதற்குப் பிறகும் பாய் சில தடவை வந்தார். எதிரில் உட்காருவார். சேர்ந்து பாட்டுக் கேட்டே பழகியவர்கள், பாட்டு இல்லாமல் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. கடை விஷயம் கொஞ்சம் சொல்வார், டீ குடிப்பார், எழுந்துகொள்வார். வருவது குறைந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் நானே கூப்பிட்டு ஆம்ப்பையும் பெட்டிகளையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

"அவருக்கு நல்லானதும் திருப்பிக் கொண்டாந்து வச்சிருவேன் கா," என்றார். "இன்ஷா அல்லா."

"சரி பாய்," என்றேன்.

கிள்ளானில் கடைக்கு மேலே அவர் வீட்டில் அவை இருக்கின்றன. அருமையாகக் கேட்கிறது, ஒருநாள் வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டார். போகவில்லை. என் கணவரைக் கூட்டிப் போக முடியாது. தனியாகப் போய்க் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. காப்பார் பெண்ணும் ஒருதரம் செய்தி அனுப்பியிருந்தார், வீட்டுக்காரர் பேசுகிறாரா என்று. என்ன எழுதுவதென்று யோசித்து யோசித்து, முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எழுதினேன்.

பேச்சுப் பயிற்சி இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான். அந்தப் பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். புதிதாக வந்தவர் கோப்பைப் பார்த்துவிட்டு, கைப்பயிற்சியில் கவனம் செலுத்தலாம் என்றார்.

கைப்பயிற்சி தரும் கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் பெரிய தெருவில் கடைக்குக் கடை வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை அந்த வழியே போய், பாதித் தெருவில் அவர் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வழியில் போனவர்கள் கூட்டம் கூடினார்கள். "என்னா அங்கிளுக்கு? மயக்கமா?" என்று கேட்டார்கள். எப்படிச் சொல்வது?

அதனால் உணவுக்கடைகளின் பின்பக்கச் சந்து வழியாகப் போகிறோம். எண்ணெய்ப் பிசுக்கும் சாக்கடை நாற்றமும் உள்ள சந்து. பாத்திரம் கழுவுகிறவர்கள் எங்களைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். தண்ணீர்க் குழாயை ஓரமாக இழுத்து வழிவிடுவார்கள். அவர் கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து வைப்பார். நான் வலது பக்கம் நடப்பேன். நேரம் ஆகும். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.